சிவப்பு எச்சரிக்கைக்கும் உங்கள் தெருவுக்கும் இடையே: புயல், வெள்ள அறிவிப்புகளை ஊர்க்கணக்கில் படிப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டிசம்பர் முடியும்வரை செய்திகளில் சில சொற்கள் ஓயாமல் ஒலிக்கும். தாழ்வு மண்டலம், ஆரஞ்சு எச்சரிக்கை, மூன்றாம் எண் கூண்டு, விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி. கேட்டுக்கொண்டிருக்கும் கிராமத்து வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: நம் தெருவுக்குத் தண்ணீர் வருமா, வந்தால் எப்போது? எந்த அறிவிப்பிலும் இதற்கு நேரடிப் பதில் கிடைக்காது. அறிவிப்பு மாவட்டத்துக்கு விடுக்கப்படுகிறது. அதை ஊருக்கும் தெருவுக்கும் பொருத்திக் கணக்குப் போடும் வேலை ஊரிடம் விடப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் நேரம் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் வெயில் நாட்கள். மழை கொட்டும் நள்ளிரவில் அதற்கு உட்கார்ந்தால் உயிர்கள் போகின்றன.

முதலில் அறிவிப்பில் வரும் சொற்களைப் பார்ப்போம். பிறகு காற்றும் தண்ணீரும் என்ன செய்கின்றன, ஊர் எதை எப்போது முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு வருவோம்.

அறிவிப்பில் வரும் சொற்கள்

1. தாழ்வுப் பகுதி முதல் புயல் வரை. சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே இருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 50 வரை தாழ்வு மண்டலம், 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 63ஐ எட்டினால் புயல். அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள். 89ஐத் தாண்டினால் தீவிரப் புயல், 118ஐத் தாண்டினால் மிகத் தீவிரப் புயல். இந்த ஏணி முழுவதும் காற்றை மட்டுமே அளக்கிறது. மழையைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2. மழையின் அளவு. 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 20.4 செ.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. 1 செ.மீ. மழை என்பது ஒரு ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 20 செ.மீ. பெய்தால் ஒவ்வொரு ஏக்கரிலும் 8 லட்சம் லிட்டர் வந்து நிற்கும். அது வடிவதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் ஊர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

3. நிறங்கள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். இவை அதிகாரிகளும் மக்களும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்பவை. சிவப்பு நிறம் வந்த மாவட்டத்தில் ஒரு மூலையில் 30 செ.மீ. கொட்டும், இன்னொரு மூலையில் தூறலோடு போய்விடும். நம் ஊரில் பெய்யவில்லை என்பதால் அறிவிப்பு பொய்யாகிவிடாது. இந்தப் புரிதல் இல்லாமல்தான் அடுத்த சிவப்பு எச்சரிக்கையை அலட்சியம் செய்கிறோம்.

4. கூண்டு எண். துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கானது. 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் பேரபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது. மீனவர்களுக்கு இது பயன்படும். வயல்வெளியில் இருப்பவர் இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.

5. கன அடி. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி திறக்கப்படுகிறது என்றால் ஒவ்வொரு விநாடியும் 28 லட்சம் லிட்டர் வருகிறது என்று பொருள். இந்த வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி, தண்ணீர் ஆற்றில் இறங்கிவிடும்.

பெயர் வைக்கப்படாத மழை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்குப் பெயர் கிடையாது. குமரிக் கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி அது. புயல் ஏணியின் முதல் படிக்குக்கூட வரவில்லை. ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட இது அதிகம். தாமிரபரணிக் கரையில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னே தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி கிராம மக்கள். முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு ஊருக்கு ஊர்தான் துணை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அடுத்த ஆண்டு வந்த ஃபெஞ்சலுக்குப் பெயர் இருந்தது, காற்று பெரிதாக இல்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்தப் புயல், கடந்த பின்னும் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் பதிவானது. மழை ஓய்ந்தது என்று விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூச்சுவிட்ட நேரத்தில், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. அணையின் மொத்தக் கொள்ளளவே சுமார் 7.3 டி.எம்.சி.தான். உள்ளே வரும் வெள்ளத்தைத் தேக்கி வைக்க இடமில்லை. அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலேயே ஆறு பாய்ந்தது. முன்கூட்டியே எச்சரித்தார்களா என்ற விவாதம் சட்டப்பேரவை வரை போனது. அந்த விவாதம் வேண்டியதுதான். ஆனால் நள்ளிரவில் கைப்பேசிக்கு வரும் கன அடிக் கணக்கு, உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு தெருவுக்கு எந்த வகையில் பயன்படும் என்ற கேள்வி அங்கே போதிய அளவு எழவில்லை.

ஆகவே செய்தியில் முதலில் தேட வேண்டியவை இரண்டு: எத்தனை செ.மீ. மழை எதிர்பார்க்கப்படுகிறது, மேலே உள்ள அணையோ ஏரியோ எந்த அளவில் நிரம்பியிருக்கிறது. புயலின் பெயரும் வகையும் அதன் பிறகு.

காற்று கூரையை என்ன செய்கிறது?

காற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒரு தலைமுறை வளர்த்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் தரையில் கிடந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது. 120 கி.மீ. வேகத்தில் அது சுமார் 68 கிலோ. கூரையைப் பொறுத்தவரை இந்த விசை பெரும்பாலும் மேல்நோக்கித் தூக்கும். தகரக் கூரையின் எடையோ ஒரு சதுர மீட்டருக்குச் சில கிலோதான். அதைப் பிடித்து நிறுத்துவது கட்டு மட்டுமே.

எனவே மழைக்காலத்துக்கு முன் பார்க்க வேண்டியது கூரையின் பொருளை அல்ல, அது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை. தகரத்தில் ஆணி அடித்திருந்தால் ஓரங்களிலும் முகட்டிலும் மட்டுமாவது கொக்கி போல்ட்டுக்கு மாற்றலாம். கூரை முதலில் பிய்வது அந்த இடங்களில்தான். கீற்றுக் கூரை என்றால் கடலோரத்தில் காலங்காலமாகச் செய்வது பழைய மீன்வலையை மேலே போர்த்துவது. வலையின் விளிம்பை வாரிக்கம்பில் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள் சிலர். அது போதாது, கூரை கிளம்பினால் வாரியும் சேர்ந்தே கிளம்பும். வலையிலிருந்து கயிற்றைக் கீழே இறக்கி, தரையில் ஆழ அடித்த முளையில் கட்டவேண்டும். கூரை மீது செங்கல்லையும் கல்லையும் பாரமாக வைக்கும் பழக்கம் ஆபத்தானது. காற்றில் அவை பக்கத்து வீட்டின் மேல் விழும். மணல் மூட்டைகளைக் கயிற்றில் கோத்து இருபுறமும் தொங்கவிடலாம்.

தென்னையில் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கிவிட்டால் காற்று பிடிக்கும் பரப்பு குறையும். புயலுக்கு முந்தைய நாட்களில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் இருந்தால் வேர்ப்பிடி இளகாது. இவ்வளவு செய்தும் சில மரங்கள் விழலாம். வீட்டின் மேல் சாயக்கூடிய மரத்தை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் முன்பே கழித்துவிட வேண்டும்.

தண்ணீர் வரும் வழிகள்

ஒரே மாவட்டத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு வெள்ளம் வெவ்வேறு வழியில் வரும். உங்கள் ஊருக்கு எந்த வழி என்று தெரியாமல் எந்தத் திட்டமும் போட முடியாது.

1. தேங்கும் மழை. காவிரிப் படுகையின் கடைமடையில் இதுதான் பெரிய தொல்லை. நிலம் ஏறக்குறைய சமதளம். வயலின் தண்ணீர் வடிகாலில் இறங்கி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். வடிகாலில் வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் ஓட்டம் நின்றுவிடும். கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. புயலின்போது கடல் மட்டமும் உயர்ந்துவிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகும். இங்கே தண்ணீர் மெதுவாக வந்து நாள்கணக்கில் நிற்கும். உயிரைவிடப் பயிரையும் மண்சுவரையும் அதிகம் பறிக்கும்.

2. ஆற்று வெள்ளம். கொள்ளிடக் கரையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற ஊர்களில் மழையே இல்லாத ஆகஸ்டில்கூட வெள்ளம் புகும். மேட்டூர் நிரம்பி, உபரி நீர் கொள்ளிடத்தில் திருப்பப்படும்போது இது நடக்கிறது. இங்கே கிடைக்கும் அவகாசம் அதிகம். மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கு வந்து சேர நாட்கள் ஆகும். சாத்தனூர் போன்ற இடங்களில் அந்த அவகாசம் மணிக்கணக்கில் சுருங்கிவிடும்.

3. ஏரி உடைப்பு. இதற்கு வானிலை அறிவிப்பு எதுவும் வராது. கலுங்கு (ஏரியின் உபரி நீர் வழியும் வாய்) அடைபட்டிருக்கிறதா, கரையில் நண்டு வளையோ எலி வளையோ வழியாகக் கசிவு இருக்கிறதா, முன்பு உடைந்து அடைத்த இடம் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். கசியும் தண்ணீர் தெளிவாக வந்தால் கவனித்திருக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண் கரைகிறது. கரைக்குக் கீழே இருக்கும் வீடுகளை அந்த நிமிடமே காலி செய்ய வேண்டும்.

4. கடல் எழுச்சி. புயல் கடல்நீரைக் கரைமேல் தள்ளும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இதுதான். இதற்கு ஒரே தற்காப்பு முன்கூட்டியே உள்ளே வந்துவிடுவது.

ஊர் தனக்கென வைத்துக்கொள்ள வேண்டிய குறி

மாவட்ட எச்சரிக்கையை ஊரின் முடிவாக மாற்றுவதற்கு எளிய கருவி ஒன்று இருக்கிறது. ஊருக்குள் தண்ணீர் நுழையும் வாயிலில், மதகுச் சுவரிலோ பாலத் தூணிலோ, பெயிண்ட்டால் மூன்று கோடுகள். கோடுகள் எங்கே வர வேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்: எந்தெந்த ஆண்டில் தண்ணீர் எதுவரை வந்தது, பாலத்தில் இந்த மட்டம் வந்தால் காலனித் தெருவில் முழங்கால் அளவு நின்றது, இன்னும் ஒரு முழம் ஏறியதும் பள்ளிக்கூடத்துச் சாலை துண்டித்தது. இந்த நினைவுகளைக் கேட்டு எழுதி வைப்பதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

முதல் கோட்டைத் தொட்டால் இரவுக்காவல் தொடங்கும்; இருவர் மாறி மாறி மட்டத்தைப் பார்ப்பார்கள். இரண்டாம் கோட்டில் முதியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், நடக்க இயலாதவர்கள், டயாலிசிஸ் போன்ற சிகிச்சையில் இருப்பவர்கள் கிளம்புவார்கள், கால்நடைகள் மேட்டுக்குப் போகும். மூன்றாம் கோட்டுக்கு வருவதற்குள் ஊர் காலியாகியிருக்க வேண்டும். பாதை துண்டிக்கும் மட்டத்துக்கு நன்றாகக் கீழேயே மூன்றாம் கோடு இருப்பது முக்கியம். அந்த மட்டத்திலேயே கோட்டைப் போட்டால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, அரை அடி ஆழத்தில் இருந்தாலே ஒருவரைச் சாய்த்துவிடும். ஓரடி ஆழம் சிறிய காரை மிதக்கவிடும்.

புயலாக இருந்தால் கோட்டுக்குப் பதில் மணிக்கணக்கு. வானிலைத் துறை 72, 48, 24, 12 மணி நேரத்துக்கு முன் என நான்கு கட்டங்களாக அறிவிப்பு தருகிறது. 72இல் கூரைக்கட்டு, மரம், படகு. 48இல் அரிசி, குடிநீர், மருந்து, கைப்பேசி சார்ஜ், மேல்நிலைத் தொட்டியை நிரப்புதல். கஜாவுக்குப் பின் மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடாமல் குடிநீருக்குத் தவித்த ஊர்கள் பல. 24இல் கூரை வீடுகளும் கரையோர வீடுகளும் காலி. 12இல் யாரும் வெளியே போகக்கூடாது.

எழுதி வைக்க வேண்டிய பட்டியலும் உண்டு: எந்த வீட்டில் யாருக்குத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும், அந்த ஆள் யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் மாற்று யார். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பிரதி, ஊராட்சியில் ஒரு பிரதி, மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒரு பிரதி. என் கணிப்பில் மூன்றாவது பிரதிதான் அதிகம் பயன்படும். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு அன்றாடம் தெரிந்த செய்தி. கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளுக்கு மின்சாரம் போனாலும் ஓடும்படி பேட்டரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் ஒடிசாவைப் பார்க்கலாம். 1999 பெரும்புயலில் அங்கு சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் ஏறத்தாழ அதே கடற்கரையைத் தாக்கிய பைலின் புயலில் இறந்தவர்கள் 50க்கும் குறைவு. நடுவே கட்டியவை புயல் காப்பகங்கள், ஊர்தோறும் தன்னார்வலர் குழு, ஆண்டுதோறும் ஒத்திகை.

மக்கள் ஏன் கிளம்புவதில்லை?

"சொன்னால் கேட்பதில்லை" என்று மக்கள்மேல் பழியைப் போடுவது எளிது, நியாயமில்லை. தங்குவதற்கு அவர்களிடம் காரணங்கள் இருக்கின்றன.

1. மாடு. ஒரு கறவை மாடு என்பது குடும்பத்தின் மாத வருமானம். முகாமில் மாட்டுக்கு இடமில்லை என்றால் வீட்டில் ஒருவராவது தங்கிவிடுவார். ஊருக்கு அருகிலேயே மேடான இடம், தார்ப்பாய், மூன்று நாளைக்கு வைக்கோல் என்று கால்நடைக்கும் ஒரு முகாம் இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். கொண்டுபோகவே முடியாத நிலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கட்டுத்தறியிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிடுவது. தறியில் முடிச்சை மட்டும் அவிழ்த்தால் போதாது. நீளக் கயிறு கழுத்திலேயே கிடந்தால் தண்ணீரில் வேலியிலோ மரத்திலோ சிக்கிக்கொள்ளும். கழுத்திலிருந்தே கழற்றிவிட வேண்டும். மாடு நீந்தும், கட்டிக் கிடந்தால்தான் சாகும்.

2. கழிப்பறை. முகாமாக மாறும் பள்ளியில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இரண்டு கழிப்பறைகள், தாழ்ப்பாள் இல்லாத கதவு, விளக்கு இல்லாத வழி. பெண்கள் வர மறுப்பதற்கு இது போதும். முகாமைத் தேர்வு செய்யும்போது கூரைக்கு முன் கழிப்பறையைப் பார்க்க வேண்டும். எல்லாச் சமூகத்தவரும் தயங்காமல் நுழையக்கூடிய இடமா என்பதையும் ஊர் வெளிப்படையாகப் பேசித்தான் ஆகவேண்டும். பேசாமல் விட்டால் அந்தத் தயக்கம் வெள்ள இரவில் உயிரைக் கேட்கும்.

3. ஆவணமும் நகையும். பட்டா, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், மாணவர்களின் சான்றிதழ்கள் ஆகியவற்றை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் மாற்றி மாற்றிச் சுற்றி, இறுக மூடும் வாளியில் வைத்தால் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பலாம். படமெடுத்து வெளியூர் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடலாம்.

பயிரும் பணமும்

பயிர்க் காப்பீட்டில் குழப்பம் அதிகம். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் விவசாயி கட்ட வேண்டும். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15. மழை அந்தத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை, ஆகவே நட்டவுடன் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) வாங்கிப் பதிவு செய்வதே நல்லது. இழப்பீடு பெரும்பாலும் ஊரளவில் எடுக்கப்படும் அறுவடைச் சோதனையின் சராசரியை வைத்தே கணக்கிடப்படுகிறது. உங்கள் வயல் முழுக்க அழுகியிருந்தாலும் ஊரின் சராசரி நன்றாக இருந்தால் பணம் வராமல் போகலாம். அறுத்து வயலில் காயவைத்த கதிர் 14 நாட்களுக்குள் புயல் மழையில் நனைந்தால் அது தனிக் கணக்கு. 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ வங்கி, வேளாண் அலுவலகம் வழியாகவோ தெரிவிக்க வேண்டும்.

அரசு நிவாரணம் வேறு. 2023 வெள்ளத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு அறிவித்த அளவுகள்: 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, குடிசைக்கு 8,000. இறந்த கால்நடையைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்துச் சான்று பெற வேண்டும். வயலையும் வீட்டையும் சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். குத்தகை விவசாயியின் பெயர் அடங்கலில் ஏறாவிட்டால் இந்தப் பணம் நிலத்துக்காரருக்குப் போய்விடும் என்பது நீண்டநாள் அநீதி. சாகுபடி தொடங்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் வற்புறுத்திப் பெயரை ஏற்றுவதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி தெரியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு

அறுந்து கிடக்கும் மின்கம்பி செத்துவிட்டது என்று யாரும் நினைக்கக்கூடாது. நனைந்த வீட்டில் மெயின் சுவிட்சைப் போடுவதற்கு முன் மின்பணியாளரிடம் காட்டிவிட வேண்டும். கிணற்றையும் மேல்நிலைத் தொட்டியையும் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். சேற்றில் வெறுங்காலுடன் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, கால்நடை ஆம்புலன்ஸ் 1962. இவற்றை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

எங்கே தொடங்குவது?

பருவமழைக்கு முன் இரண்டு கிராமசபைக் கூட்டங்கள் இருக்கின்றன. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் நான்கு தீர்மானங்கள் வைக்கலாம்: தூர்வார வேண்டிய வடிகாலின் பெயரும் நீளமும், மூன்று கோடுகள் வரைய வேண்டிய இடம், முகாமின் கழிப்பறைப் பழுது, கால்நடைகளுக்கான மேட்டு நிலம். அக்டோபர் 2 கூட்டத்தில் அவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்டுப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும்.